அது லத்தீன்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்த சாரிடம் ஒரு பதில் எப்போதும் கைவசம் இருக்கும். சோடியத்துக்கு ஏன் சார் என்-ஏ என்று கேட்டால், "அது லத்தீன்டா." பொட்டாசியத்துக்கு ஏன் கே? "அதுவும் லத்தீன்." டங்ஸ்டனுக்கு டபிள்யூ? "டேய், உட்காரு." நல்ல மனிதர்தான், அடிக்க மாட்டார், ஆனால் அந்த ஒரு சொல்லைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார். லத்தீன் எந்த ஊரில் பேசுகிறார்கள், அவர்களுக்கும் சோடியத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்றெல்லாம் மேற்கொண்டு கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. மனப்பாடம் செய்தோம். நான் பரீட்சையில் சோடியத்துக்கு எஸ்-ஓ என்று எழுதி ஒரு மார்க் இழந்தேன். பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்து எழுதி அவனும் இழந்தான்.

உண்மையில் தமிழ் வழியில் படித்த எங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்கக் கூடாது. கந்தகத்துக்கு எஸ், துத்தநாகத்துக்கு இசட்-என், இரும்புக்கு எஃப்-இ என்று எல்லாமே பெயரோடு ஒட்டாத எழுத்துகள்தான், அதில் இரும்பு மட்டும் என்ன விசேஷம்? இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அத்தை மகனுக்குத்தான் உறுத்தும். ஆக்சிஜனுக்கு ஓ, நைட்ரஜனுக்கு என் என்று தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்த வண்டி அயர்ன் வந்ததும் தடம் புரளும். எங்களுக்குத் தண்டவாளமே கிடையாது. சோடியம், பொட்டாசியம் மாதிரி இங்கிலீஷ் பெயரையே வைத்துக்கொண்ட இரண்டொன்றில்தான் நாங்களும் தடுக்கி விழுந்தோம்.

மூன்று வாரத்துக்கு முன்பு அக்கா மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். "அது லத்தீன்" என்று சொல்ல வாயைத் திறந்தவன், சாருடைய முகம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். சரி, ஒரு தடவையாவது அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்ததில் வந்த கட்டுரை இது. (குறியீடுகளை இங்கே ஒலித்தபடியே தமிழில் எழுதுகிறேன். காரீயத்துக்கு 'பி-பி' என்று வரும்போது ரத்த அழுத்தம் என்று படித்துவிடாதீர்கள். காரீயம் உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தமும் ஏறும் என்பது வேறு விஷயம்.)

இன்று தனிம அட்டவணையில் 118 பேர் இருக்கிறார்கள். அதில் இங்கிலீஷ் பெயருக்கும் குறியீட்டுக்கும் ஒட்டுறவு இல்லாதவை பதினொன்றுதான்: சோடியம், பொட்டாசியம், இரும்பு, செம்பு, வெள்ளி, வெள்ளீயம், ஆன்டிமனி, டங்ஸ்டன், தங்கம், பாதரசம், காரீயம். சார் சொன்னபடி இந்தப் பதினொன்றும் லத்தீனா என்று ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தேன். இரும்பின் ஃபெர்ரம், தங்கத்தின் ஆரம், வெள்ளியின் அர்ஜென்டம், காரீயத்தின் பிளம்பம், இவை சந்தேகமில்லாமல் ரோமானியர்கள் வாயில் புழங்கிய சொற்கள். செம்பின் கூப்ரம் சைப்ரஸ் தீவின் பெயரிலிருந்து வந்தது, செம்பு அங்கிருந்துதான் அவர்களுக்கு வந்தது, ஆனாலும் லத்தீன் என்று ஒப்புக்கொள்ளலாம். வெள்ளீயத்தின் ஸ்டான்னம் லத்தீன்தான், அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆக ஆறு. மீதி ஐந்தும் வேறு எங்கிருந்தோ வந்து லத்தீன் சட்டை போட்டுக்கொண்டவை. பதினொன்றுக்கு ஆறு என்றால் சார் பாஸ். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் முதலில், எழுத்தைக் குறியீடாக வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியது?

அதற்கு முன்னால் ஐரோப்பாவின் ரசவாதிகள் உலோகங்களுக்குக் கிரகக் குறிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கத்துக்குச் சூரியன், வெள்ளிக்குச் சந்திரன், இரும்புக்குச் செவ்வாய், செம்புக்குச் சுக்கிரன், தகரம் என்கிற வெள்ளீயத்துக்கு வியாழன், காரீயத்துக்குச் சனி, பாதரசத்துக்குப் புதன். ஏழு கிரகம், ஏழு உலோகம், கணக்கு நேராக இருந்தது. நம் மொழியிலும் இந்த வாடை உண்டு, ஆனால் ஜோடி மாறிவிட்டது. வானத்தில் வெள்ளி என்றால் நமக்குச் சுக்கிரன், பெட்டியில் வெள்ளி என்றால் கொலுசு. அவர்களுக்கோ சுக்கிரன் செம்பு. இரும்புக்குக் கரும்பொன் என்று ஒரு பழைய பெயர் நம்மிடம் உண்டு. எல்லா உலோகமும் ஏதோ ஒரு நிறத்துப் பொன் என்பதுபோல.

உலோகங்கள் ஏழோடு நின்றிருந்தால் அந்த ஏற்பாடே போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் புதிது புதிதாகத் தனிமங்கள் வரத் தொடங்கின, கிரகங்கள் அந்த வேகத்தில் வரவில்லை. 1787இல் பாரிஸில் வேதியியலாளர் லவாசியேயும் அவர் கூட்டாளிகளும் வேதியியல் பெயர்களை எல்லாம் புதிதாக ஒழுங்குபடுத்தினார்கள், அதோடு சேர்த்து ஹாசன்ஃபிராட்ஸ், ஆதே என்ற இருவர் கோடு, வட்டம், முக்கோணம் என்று ஒரு வடிவக் கூட்டத்தைக் கொடுத்தார்கள். பெயர்கள் நிலைத்தன, வடிவங்களை யாரும் சீந்தவில்லை.

அப்புறம் மான்செஸ்டரில் ஜான் டால்டன். 1808இல் தன் அணுக்கொள்கைப் புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டபோது ஒவ்வொரு அணுவையும் ஒரு வட்டமாக வரைந்தார். வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், ஒரு கோடு இழுத்தால் நைட்ரஜன், முழுக்கக் கருப்பாக்கினால் கார்பன், உள்ளே கூட்டல் குறி போட்டால் கந்தகம். உலோகங்களுக்கு வந்தபோது அவருக்கே அலுத்துவிட்டதுபோலும், வட்டத்துக்குள் இங்கிலீஷ் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார், இரும்புக்கு ஐ, செம்புக்கு சி, தங்கத்துக்கு ஜி என்று. டால்டனுக்கு நிறக்குருடு உண்டு, தன் கண்ணைப் பற்றித் தானே கட்டுரை எழுதியவர். கருப்பு வெள்ளை வட்டங்களாகவே யோசித்ததற்கு அது காரணமோ என்று எனக்கு ஒரு விளையாட்டுச் சந்தேகம், அதை யாரும் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வட்டங்கள் பார்க்க அழகு. ஆனால் அச்சுக்கோப்பவர் இடத்தில் நின்று பாருங்கள். புள்ளி வைத்த வட்டம், கோடு போட்ட வட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்க வேண்டும். ஒரு சேர்மத்தில் பத்து அணு இருந்தால் பத்து வட்டம் ஒட்டி ஒட்டி வர வேண்டும், வரிக்குள் அடங்காது.

இந்த இடத்தில்தான் ஸ்வீடன்காரர் யோன்ஸ் யாக்கோப் பெர்சிலியஸ் வருகிறார். 1779இல் பிறந்தவர், மருத்துவம் படித்துவிட்டு வேதியியலுக்கு வந்தவர், ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்துகொண்டு கிட்டத்தட்ட 2000 சேர்மங்களை எடை போட்டுப் பிரித்தவர். அவருடைய ஆய்வகம் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாத்திரம் கழுவியது ஆன்னா என்ற சமையல்காரம்மா. 1823இல் அங்கே பயிற்சிக்குப் போன ஜெர்மன்காரர் வோலர் ஒரு நாள் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். ஒரு பாத்திரத்தில் ஆக்சிமியூரியாட்டிக் அமில வாடை அடிக்கிறது என்று ஆன்னா சொல்ல, இனிமேல் அப்படிச் சொல்லக் கூடாது ஆன்னா, குளோரின் என்று சொல்ல வேண்டும், அதுதான் சரி என்று பெர்சிலியஸ் திருத்தினாராம். அது ஒரு அமிலம், உள்ளே ஆக்சிஜன் இருக்கிறது என்று அவர் வருஷக்கணக்காக அடம்பிடித்தவர். தனித் தனிமம் என்று இங்கிலாந்து வேதியியலாளர் டேவி சொன்னதை ஒருவழியாக ஏற்றுக்கொண்ட செய்தி முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று சமையலறை. இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதே இந்தக் கதையால்தான்.

1813, 1814இல் லண்டனிலிருந்து தாமஸ் தாம்சன் நடத்திய ஒரு அறிவியல் இதழில் பெர்சிலியஸ் தன் ஏற்பாட்டை வெளியிட்டார். அவர் சொன்ன காரணத்தில் தத்துவம் எதுவும் கிடையாது. குறியீடு எழுத்தாக இருந்தால் எழுதுவது சுலபம், அச்சடித்த புத்தகமும் அலங்கோலமாகாது. அவ்வளவுதான். உலகம் முழுக்க இருநூறு வருஷமாகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ஒரு விஷயத்துக்கு ஆரம்பம் அச்சாபீஸ் சௌகரியம்.

விதியும் எளிமையானது. தனிமத்தின் லத்தீன் பெயரில் முதல் எழுத்தை எடு. இரண்டு பேருக்கு ஒரே முதல் எழுத்து வந்தால், உலோகமல்லாதவருக்கு ஒற்றை எழுத்து, உலோகத்துக்கு முதல் இரண்டு எழுத்து. அந்த இரண்டும் இடித்தால், முதல் எழுத்தோடு இருவருக்கும் பொதுவில்லாத முதல் மெய்யெழுத்தைச் சேர். அவரே கொடுத்த உதாரணம் எஸ் குடும்பம். கந்தகம் உலோகமல்ல, அதனால் வெறும் எஸ். சிலிக்கனுக்கு எஸ்-ஐ. ஆன்டிமனியின் ஸ்டிபியம், வெள்ளீயத்தின் ஸ்டான்னம் இரண்டும் எஸ்-டியில் இடிக்கின்றன, அதனால் ஸ்டான்னத்துக்கு எஸ்-என். ஸ்டிபியத்துக்கு அவர் கொடுத்தது எஸ்-டி. அது பிற்பாடு எஸ்-பி ஆனது. இதைத்தான் சார் அன்றைக்கு ஐந்து நிமிஷம் செலவழித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் எஸ்-ஓ எழுதியிருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எழுதியதற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது பாடப்புத்தகத்தில் சரியாக அழுத்தம் பெறுவதில்லை. ரசவாதியின் செவ்வாய்க் குறி இரும்பு என்ற பெயருக்குச் சுருக்கெழுத்து, மளிகைக் கணக்கில் 'து.ப.' என்று எழுதினால் துவரம்பருப்பு என்பதுபோல. பெர்சிலியஸின் எஃப்-இ அதற்கு மேல் ஒரு படி. அது இரும்பு என்ற பெயரையும் சொல்கிறது, ஒரு அணு எடையுள்ள இரும்பு என்ற அளவையும் சொல்கிறது. அதனால்தான் எழுத்துக்குப் பக்கத்தில் எண் போட முடிந்தது, சமன்பாடு எழுதிக் கணக்குப் போட முடிந்தது. அவர் அந்த எண்ணை எழுத்தின் தலைமேல் வைத்தார், கணக்கில் வர்க்கம் போடுவதுபோல. 1834இல் ஜெர்மன்காரர்கள் லீபிக்கும் போகன்டார்ஃபும் அதைக் கீழே இறக்கினார்கள், நாம் இன்று எச்-2-ஓ என்று எழுதும்போது அந்த 2 காலடியில் கிடப்பது அவர்களால். நடுவில் பெர்சிலியஸுக்கே சுருக்க ஆசை அதிகமாகி, ஆக்சிஜனுக்குப் பதில் எழுத்தின் மேல் புள்ளி, கந்தகத்துக்குக் காற்புள்ளி, இரட்டை அணுவுக்கு எழுத்தின் குறுக்கே ஒரு கோடு என்றெல்லாம் போட்டுப் பார்த்தார். எது அச்சுக்குச் சுலபம் என்று தொடங்கினாரோ அதையே மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவையெல்லாம் உதிர்ந்துபோயின.

டால்டன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. 1837இல் எழுதிய ஒரு கடிதத்தில், பெர்சிலியஸின் குறியீடுகள் பயங்கரமானவை, வேதியியல் மாணவன் இதைக் கற்பதும் ஹீப்ரு மொழியைக் கற்பதும் ஒன்று என்கிற ரீதியில் கொட்டித் தீர்த்திருக்கிறார். கிழவரின் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டால்டனின் வட்டம் ஒரு படம், எந்த அணு எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும். பெர்சிலியஸின் எழுத்து ஒரு கணக்கு, எத்தனை இருக்கிறது என்று மட்டும் சொல்லும். சாராயத்தில் உள்ள எத்தனாலுக்கும், டைமெத்தில் ஈதர் என்ற வாயுவுக்கும் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்தான். கூட்டி எழுதினால் இரண்டும் ஒன்று. இன்று பள்ளி ஆய்வகத்தில் பிளாஸ்டிக் உருண்டையும் குச்சியும் வைத்து மூலக்கூறு செய்கிறார்களே, அந்த உருண்டைகள் யாருடையவை? தண்ணீரை ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று டால்டன் தப்பாக வரைந்தார் என்பது உண்மைதான். ஆனால் வரையத்தான் வேண்டும் என்று சொன்னதில் அவர் தப்பில்லை.

சரி, லத்தீன் அல்லாத ஐவருக்கு வருவோம்.

1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி லேசாக ஈரப்படுத்திய பொட்டாஷில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். பாதரசம் மாதிரி மினுக்கும் சின்னச் சின்ன உருண்டைகள் வந்து, சில வெடித்துத் தீப்பிடித்தன. டேவி அறை முழுக்கக் குதித்து ஆடினார் என்று உடனிருந்த உறவினர் எழுதியிருக்கிறார். பொட்டாஷிலிருந்து வந்ததால் பொட்டாசியம், சில நாள் கழித்துச் சோடாவிலிருந்து வந்தது சோடியம். கண்டுபிடித்தவர் பெயர் வைத்தாயிற்று, விஷயம் முடிந்தது என்று நினைப்போம். ஜெர்மன்காரர்களும் ஸ்வீடன்காரர்களும் அந்தப் பெயர்களை ஏற்கவில்லை. அவர்கள் காலியம், நேட்ரியம் என்றார்கள். பெர்சிலியஸும் அந்தப் பக்கம். அட்டவணை அவர் கைக்குப் போனதால் கே-யும் என்-ஏ-யும் நிலைத்துவிட்டன, இங்கிலீஷில் டேவி வைத்த பெயர்கள் நின்றுவிட்டன. இன்றைக்கும் பெர்லினில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் கேள்வியே இல்லை, அது சொல்வதே காலியம், நேட்ரியம்தான்.

அதைவிட வேடிக்கை, பொட்டாசியம், காலியம் இரண்டு பெயருக்கும் அர்த்தம் ஒன்றேதான். பொட்டாஷ் என்றால் பானைச் சாம்பல். விறகுச் சாம்பலைக் கரைத்து வடிகட்டிப் பானையில் சுண்டக் காய்ச்சினால் கிடைப்பது. காலியம் வந்தது அரபியில் செடிச் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்து. ஆல்கலி என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். ஆக ஒரு கட்சி பானையிலிருந்து பெயர் எடுத்தது, இன்னொரு கட்சி சாம்பலிலிருந்து எடுத்தது. சண்டை என்னவோ ஒரே அடுப்பைப் பற்றித்தான். நேட்ரியத்துக்குப் பின்னால் இருப்பது நேட்ரான், எகிப்தில் கெய்ரோவுக்கு வடமேற்கே நேட்ரூன் பள்ளத்தாக்கின் ஏரிகள் வற்றும்போது படியும் உப்பு. பிணத்தைப் பதப்படுத்த அதைத்தான் குவித்தார்கள். நம் ஊரில் வண்ணார் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணிலும் வேலை செய்தது அதே சோடியம் கார்பனேட்தான். அங்கே அரசனின் உடம்புக்கு, இங்கே ஊர் வேட்டிக்கு.

பாதரசத்தின் எச்-ஜி ஹைட்ரார்ஜிரம், கிரேக்கத்தில் தண்ணீர் வெள்ளி. நம் ஆட்கள் அதைச் சுருக்கமாக ரசம் என்றே சொன்னார்கள், ரசவாதம், ரசமணி எல்லாம் அதிலிருந்து. எஸ்-பி என்ற ஆன்டிமனியின் ஸ்டிபியம், கண்ணுக்கு மை அரைத்த ஒரு கறுப்புக் கல்லின் பெயர், கிரேக்கம் வழியாக எகிப்து வரை போகிறது. நம் அஞ்சனக்கல். இந்த இரண்டையும் பற்றி எழுத ஆரம்பித்தால் சித்த மருத்துவத்துக்குள் போய்விடுவேன், விட்டுவிடுகிறேன்.

டபிள்யூ. இதுதான் சார் "உட்காரு" என்று சொன்ன இடம். டங்ஸ்டன் என்பது ஸ்வீடிஷ் சொல், கனமான கல் என்று பொருள். ஆனால் ஸ்வீடன்காரர்களே அந்த உலோகத்தை அப்படிச் சொல்வதில்லை, அவர்களுக்கு அது வோல்ஃப்ராம். அவர்கள் சொல்லை இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டான், அவர்கள் ஜெர்மன் சொல்லுக்குப் போய்விட்டார்கள். அந்த ஜெர்மன் சொல்லில் ஒரு ஓநாய் இருக்கிறது. சாக்ஸனிச் சுரங்கங்களில் தகரம் உருக்கும்போது இந்தக் கனிமம் கூட வந்துவிட்டால் தகரம் கசடோடு போய்விடும், கைக்கு வருவது குறையும். ஓநாய் ஆட்டைத் தின்பதுபோல இது தகரத்தைத் தின்கிறது என்று சுரங்கத்தார் திட்டினார்கள். சுரங்கங்களைப் பற்றி எழுதிய ஜெர்மன் அறிஞர் அக்ரிகோலா 1546இலேயே இதை லத்தீனில் ஓநாய் நுரை என்று எழுதிவிட்டார். 1783இல் ஸ்பெயினில் பெர்காராவில் எலுயார் சகோதரர்கள் இருவர் உலோகத்தையே பிரித்து எடுத்து அந்த ஓநாய்ப் பெயரைத்தான் வைத்தார்கள். 2005இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் தன் பெயர்ப் புத்தகத்திலிருந்து வோல்ஃப்ராம் என்ற மாற்றுப் பெயரை எடுத்துவிட்டது, ஸ்பெயின் வேதியியலாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயமான கோபம் என்பேன். கண்டுபிடித்தவன் வைத்த பெயர் போய்விட்டது, எழுத்து மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. குண்டு பல்புக்குள் கம்பியாக எரிந்துகொண்டிருந்தது அந்த ஓநாய்தான்.

இப்போது, நான் உண்மையிலேயே எழுத வந்த விஷயம். ஸ்டான்னத்தின் வில்லங்கம்.

எங்கள் வீடு கும்பகோணம். ஈயம் என்ற சொல் எங்கள் தெருவில் இரண்டு விதமாக ஒலிக்கும். "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று ஒன்று. "ஈயம் பூசலையா" என்று இன்னொன்று. இரண்டாமவர் வந்தால் நான் பள்ளிக்குப் போக அழுவேன், அவர் வேலை அவ்வளவு வேடிக்கை. மண்ணில் குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தியால் ஊதுவார். பித்தளைப் பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தூளை ஒரு சிட்டிகை வீசுவார், குபீரென்று வெண்புகை கிளம்பும், மூக்கு எரியும். உடனே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுற்றித் துடைத்தால் மஞ்சள் பாத்திரத்தின் உள்பக்கம் ஒரே வீச்சில் வெள்ளையாகிவிடும். புளி பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும், அதற்குத்தான் இந்தப் பூச்சு. நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைத் தின்று சுத்தம் செய்கிறது, அதனால் ஈயம் பிடித்துக்கொள்கிறது என்பது பின்னாளில் படித்தது.

அந்த ஈயமும் அம்மாவின் ரசச் சொம்பும் வெள்ளீயம், எஸ்-என். கொத்தனாரின் தூக்குக்குண்டும் மீன் வலையின் குண்டும் காரீயம், பி-பி. ஒன்றில் ரசம் வைத்துச் சாப்பிடலாம், இன்னொன்று விஷம். ஆனால் தமிழில் இரண்டும் ஈயம், ஒன்று வெளுத்தது, ஒன்று கறுத்தது. எவ்வளவு அலட்சியம் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் ரோமாபுரியின் மூத்த பிளினி கண்ணில் பட்டார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன அதே பிளினி. அவர் எழுதிய லத்தீனில் காரீயம் பிளம்பம் நைக்ரம், தகரம் பிளம்பம் ஆல்பம். கறுப்புப் பிளம்பம், வெள்ளைப் பிளம்பம். அப்படியே காரீயம், வெள்ளீயம்!

அந்த வரியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அக்கா சிரிக்கிறாள். யாரும் யாரிடமும் கடன் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டும் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் உருகும், நிறம்தான் வித்தியாசம். இரண்டு இடத்து ஆட்களும் ஒரே கண்ணோடு பார்த்திருக்கிறார்கள். அப்போது ஸ்டான்னம்? பிளினி காலத்தில் அது தகரமே இல்லை. தாது உருக்கும்போது கிடைத்த வெள்ளியும் காரீயமும் கலந்த ஒரு கலவைக்கு அந்தப் பெயர். பிற்பாடு நூற்றாண்டுகள் போகப் போக அந்தச் சொல் நகர்ந்து தகரத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. பெர்சிலியஸ் கைக்கு வரும்போது ஸ்டான்னம் என்றால் தகரம்தான். ஆக 'அது லத்தீன்' என்று சார் சொன்னது எஸ்-என் விஷயத்தில் சரிதான், ஆனால் அந்த லத்தீன் பேசிய பிளினி இன்று வந்து அட்டவணையைப் பார்த்தால், தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு மார்க் குறைப்பார்.

காரீயக் குழப்பம் அதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் பாரோடேலில் கிடைத்த, கையில் ஒட்டும் கறுப்புக் கனிமத்தைக் காரீய வகை என்றே நினைத்தார்கள். 1779இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே அது கார்பன் என்று காட்டிய பிறகும் இங்கிலீஷில் பென்சிலுக்குள் இருப்பது 'லெட்' தான், நம்மிலும் அதைக் காரீயம் என்று சொல்பவர்கள் உண்டு. எழுத்து மாறலாம், வாய் மாறுவதில்லை.

பிற்காலக் குறியீடுகளில் இவ்வளவு தூசி இல்லை, ஆனால் குறும்பு உண்டு. புளூட்டோனியத்துக்கு நியாயமாகப் பி-எல் வர வேண்டும். கண்டுபிடித்த குழுவின் கிளென் சீபோர்க் பி-யு என்று கொடுத்தார், அமெரிக்கப் பிள்ளைகள் நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லும் "பீ-யூ". குழு ஆட்சேபிக்கும் என்று எதிர்பார்த்தாராம், யாரும் கவனிக்கவே இல்லை. ஆர்கானுக்கு 1957 வரை வெறும் ஏ. ஜெர்மன்காரர்கள் அயோடினுக்கு ஜே போட்டுக்கொண்டிருந்தார்கள். அது போனதால் இன்று அட்டவணை முழுக்கத் தேடினாலும் ஜே கிடைக்காது.

ஜப்பான்காரர் மசதகா ஒகாவா கதைதான் மனசில் நிற்கிறது. 1908இல் ஒரு புதுத் தனிமம் கண்டேன், 43ஆம் இடம், பெயர் நிப்போனியம், குறியீடு என்-பி என்று அறிவித்தார். மற்றவர்களால் உறுதி செய்ய முடியவில்லை, பெயர் ரத்தாயிற்று. அவர் கையில் இருந்தது உண்மையில் 75ஆம் தனிமம், ரேனியம். எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார். அதற்குள் என்-பி நெப்டியூனியத்துக்குப் போய்விட்டது. 2016இல் ஜப்பான்காரர்கள் மறுபடி ஒரு தனிமத்துக்குப் பெயர் வைக்க வந்தபோது, ஒருமுறை வைத்துக் கைவிட்ட பெயரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது என்பதால், நிப்போனியம் என்ற பெயரைத் தொட முடியவில்லை. நல்லவேளை, அவர்கள் நாட்டுக்கு அவர்கள் மொழியிலேயே இரண்டு உச்சரிப்பு. நிஹோனியம், என்-எச்.

இதையெல்லாம் அக்கா மகளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓநாய் வரை வந்திருப்பேன், சமையலறையிலிருந்து ஒரு மாதிரி வாடை. ரசத்துக்கு ஈயச் சொம்பை அடுப்பில் வைத்து அப்படியே விட்டுவிட்டு வந்தவன் நான்தான், தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் இருக்கும்வரை சொம்பின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். இல்லாவிட்டால் 232 டிகிரியில் தகரம் உருகிவிடும், கேஸ் அடுப்புக்கு அது ஒரு விஷயமே இல்லை. போய்ப் பார்த்தால் சொம்பு பாதி இல்லை. பர்னரைச் சுற்றி வெள்ளியாக ஓடி உறைந்திருந்தது. அம்மா வந்து பார்த்தாள். பாட்டி கொடுத்த சொம்பு. ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசம்.

"மாமா, இது எஸ்-என் தானே?" என்று அக்கா மகள் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எஸ்-என்னாவது ஒண்ணாவது," என்றாள் அம்மா. "சுரண்டி எடுடா எல்லாத்தையும். கடைல போட்டுட்டு வேற வாங்கணும், ஒரு பொட்டு விடாம எடு."

சாயங்காலம் பாத்திரக்கடைக்குக் கட்டியை எடுத்துப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். காரீயம் கலந்திருந்தால் பென்சில் மாதிரி கருப்பாகக் கோடு விழும். விழவில்லை.

"நல்ல ஈயம்தான் தம்பி. அந்தக் காலத்துச் சரக்கு," என்று சொல்லி, கட்டியைத் தராசில் வைத்தார்.